காலர் மைக்கா, ரெக்கார்டரா, யூ.எஸ்.பி. மைக்கா? நம் கரையோரத்தில் பாட்காஸ்ட் தொடங்குபவர்களுக்கு

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் ராமேசுவரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துத் தம்பி. அவருடைய தாத்தா ஐம்பது வருடம் நாட்டுப்படகில் போனவர். காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், மீனின் பெயர் என்று தாத்தா சொல்வதையெல்லாம் பதிவு செய்து பாட்காஸ்டாகப் போட வேண்டும் என்பது அவர் ஆசை. இன்னொருவர் கீழக்கரையில் ஒரு தங்கச்சி. வாப்பா கட்டிய வீட்டின் மாடியறையில் உட்கார்ந்து சிறுவர் கதை சொல்லிப் பதிவிடுகிறார். இருவர் கையிலும் ஐயாயிரம் ரூபாய்தான். "அண்ணே, எந்த மைக் வாங்கட்டும்?"

இருவருக்கும் வேறு வேறு பதில் சொன்னேன். ஒருவருக்குச் சரியான கருவி மற்றவருக்குப் பாழ்செலவு. இதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பவர்கள் இன்னும் பலர் இருப்பதால், என் யோசனை எப்படிப் போனது என்று விரிவாகவே எழுதுகிறேன். 2016 முதல் பாம்பனில் எஃப்.எம். 90.4-இல் ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலியைக் கேட்டுப் பழகிய ஊர்கள் இவை. கரையோரத்துப் பேச்சைத் தெளிவாகக் கொடுத்தால் நின்று கேட்கிற ஜனங்கள் இங்கே உண்டு. இரைச்சலாகக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் அணைத்துவிடுவார்கள்.

## எதை வைத்து அளப்பது

முதலில் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டு மடங்கானால், மைக்கில் விழும் நேர்க்குரல் 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறையும். அறையின் எதிரொலியும் மின்விசிறியின் இரைச்சலும் அப்படிக் குறையாது. அவை நாலு பக்கமும் இருந்து வந்துகொண்டே இருக்கும். ஒரு சாண் தூரத்தில் நிற்கும் ஆயிரம் ரூபாய் மைக், ஐந்தடி தள்ளி நிற்கும் பத்தாயிரம் ரூபாய் மைக்கை விடத் தெளிவாகப் பதிவதற்கு இதுதான் காரணம். எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாணுக்குள் நிற்குமா என்பதுதான்.

அடுத்தது காற்று. ஐப்பசி பிறந்தால் வடகிழக்கிலிருந்து வாடை. வைகாசி தாண்டினால் மேற்கிலிருந்து கச்சான் பிடித்துக்கொள்ளும். நடுவில் அமைதியான நாட்கள் கொஞ்சம்தான். மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வில் காற்று நேராக மோதினால் 'புடபுட' என்று ஒரு சத்தம் வருமே, அதை எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது. மைக்கோடு கொடுக்கிற பஞ்சு உறை மூச்சுக்காற்றைத் தாங்கும். கடற்காற்றுக்கு அது போதாது. நீள ரோமம் வைத்த உறை வேண்டும். கடையில் டெட்கேட் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

பிறகு உப்பு. தண்ணீரில் விழுந்தால்தான் கெடும் என்றில்லை. கரைக்கு அருகே வீடு இருந்தால் போதும். பிளக், சார்ஜ் ஊசி, பேட்டரி முனை என்று உலோகம் வெளியே தெரிகிற இடமெல்லாம் பச்சை பூத்துவிடும்.

மின்சாரத்தையும் கணக்கில் வையுங்கள். கருவி எதை நம்பி ஓடுகிறது, கரண்ட் போனால் என்ன ஆகும்?

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்: எதிரே உட்கார்ந்திருப்பவர். வலை பின்னிக்கொண்டே இயல்பாகப் பேசுகிற மனிதர், முகத்துக்கு நேரே பெரிய மைக்கை நீட்டினால் மேடைத் தமிழுக்கு மாறிவிடுகிறார். நாம் தேடிப் போன பேச்சே போய்விடும்.

## கையில் இருக்கும் போன்

செலவு இல்லை என்பதால் இதைக் குறைத்து மதிக்க வேண்டாம். இன்றைய போனின் மைக், ஒரு சாண் தூரத்தில், சத்தமில்லாத இடத்தில், நன்றாகவே பதியும். போனின் அடிப்பக்கத்தில் மைக் ஓட்டை இருக்கும். அதை வாய்க்கு நேரே வைக்காமல் வாயின் ஓரமாக, கன்னத்துப் பக்கம் சாய்த்து வையுங்கள். "பாம்பன் பாலத்துப் பக்கம் சின்னப்பாலம்" என்று சொல்லிப் பதிந்து, ஹெட்போனில் கேளுங்கள். 'ப' வருகிற இடமெல்லாம் மூச்சு இடித்தால் இன்னும் கொஞ்சம் ஓரம் தள்ளுங்கள். எந்த மைக் வாங்கினாலும் நான் முதலில் சொல்லிப் பார்க்கும் வாக்கியம் இதுதான்.

பதிவுச் செயலியில் வேவ் (ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும்) வடிவம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அமைப்பில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ (ஒற்றைத் தடம்) என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 320 எம்.பி. அளவுதான் வரும். ஃப்ளைட் மோடு போட மறக்காதீர்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும்.

போனுக்கு உண்மையான செலவு இடம். கைதட்டிப் பார்த்தால் 'டங்' என்று திரும்பி ஒலிக்கிற சிமெண்ட் அறையில் போன் தோற்கும். ஓலைக் கொட்டகையில் அந்த ஒலி இருக்காது. மெத்தையும் துணி அலமாரியும் உள்ள சின்ன அறையும் நல்லது. எனக்குக் கிடைத்த நல்ல அறைகளில் ஒன்று, நைலான் வலைகளைக் குவித்து வைக்கும் கொட்டகை. இடுப்பளவு உயரத்துக்கு வலை கிடக்கும். அங்கே கை தட்டினேன். தட்டிய சத்தம் அப்படியே அமுங்கிப் போனது. மீன் வாடையைப் பொறுத்துக்கொண்டால் காசில்லாத ஸ்டுடியோ.

எப்போது போனே போதும்? நீங்கள் ஒருவரே பேசுகிறீர்கள், முதல் பத்து அத்தியாயம் இன்னும் வரவில்லை, தொடர்ந்து செய்வோமா என்று உங்களுக்கே உறுதி இல்லை என்றால் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். இரண்டு பேர் பேசும் உரையாடல் என்றால் போனை மட்டும் நம்பாதீர்கள். நடுவில் வைத்தால் இருவருக்குமே தூரம்.

## கம்பி வைத்த காலர் மைக்

இந்தக் கரையில் தொடங்குகிற பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சட்டையிலோ சேலை மடிப்பிலோ குத்திவிட்டால் வாயிலிருந்து ஒரு சாண் தூரம் தானாகவே அமைந்துவிடுகிறது. பேசுபவர் தலையைத் திருப்பினாலும், கையில் வேலை செய்துகொண்டே பேசினாலும் மைக் கூடவே வரும். பத்து நிமிடத்தில் அது இருப்பதையே அவர் மறந்துவிடுவார்.

பரவலாகக் கிடைக்கும் போயா பி.ஒய்.-எம்1 போன்றவை பெரும்பாலும் ஆயிரம் ரூபாயை ஒட்டியே விற்கின்றன. கம்பி 6 மீட்டர் நீளம். தாத்தா படகு ஓரத்தில் உட்கார்ந்திருக்க, நீங்கள் போனோடு தள்ளி உட்காரலாம்.

மறைமுகச் செலவுகள் இதில்தான் அதிகம். பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கு. இரண்டு வளையம் இருந்தால் கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும். மாற்றி வாங்கிவிட்டால் இன்னொரு இணைப்பான் வேண்டும். பழைய வட்டத் துளை இல்லாத போனுக்கு டைப்-சி இணைப்பானும் தேவை. எம்1 மாதிரிகளில் போன், கேமரா என்று மாற்றும் ஒரு பொத்தான் இருக்கும். அது தவறான பக்கம் இருந்தால் குரல் சரியாகப் பதியாது. உள்ளே எல்.ஆர்.44 என்ற பொத்தான் பேட்டரி ஒன்று. மாதக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் கசிந்து உள்ளே அரித்துவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் ஒரு பாட்டி. மரிக்கொழுந்துப் பாசி எங்கே கிடைக்கும், கஞ்சிப்பாசி எங்கே, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணியை எப்படிச் சுற்றுவது என்று நாற்பது நிமிடம் சொன்னார். சொல்லும்போதே முந்தானை ஓரத்தைக் கிழித்து என் ஆள்காட்டி விரலில் சுற்றிக் காட்டினார். மைக் அவர் சேலையில் இருந்தது, போன் என் சட்டைப் பையில். வீட்டுக்கு வந்து கேட்டேன். புதிதாக வாங்கிய இணைப்பான் வேலையே செய்யவில்லை. போன் தன்னுடைய மைக்கிலேயே பதிந்திருந்தது. நாற்பது நிமிடமும் என் சட்டைத் துணி உரசுகிற சத்தம், அதற்கு அடியில் எங்கோ பாட்டியின் குரல். இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்க் கேட்டேன். சொன்னார், ஆனால் பாதிதான் வந்தது. "மொதத் தடவ சொன்ன மாதிரி வரல தம்பி" என்று அவரே வருத்தப்பட்டார்.

அன்றிலிருந்து, பதிவு தொடங்கியதும் மைக்கின் தலையை நகத்தால் இரண்டு முறை சுரண்டுகிறேன். திரையில் கோடு துள்ள வேண்டும். பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுகிறேன். கோடு துள்ளக் கூடாது. அப்புறம் பத்து விநாடி பதிந்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத்தான் முதல் கேள்வி. இந்தப் பழக்கம் உங்களுக்கும் வந்துவிட்டால் இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

துணி உரசலைக் கவனியுங்கள். சலசலக்கும் பட்டு, கஞ்சி போட்ட வேட்டிச் சட்டை, கழுத்துச் சங்கிலி மூன்றும் காலர் மைக்குக்கு ஆகாது. மைக்குக்குக் கீழே கம்பியை ஒரு சின்ன வளையமாகச் சுருட்டிக் குத்தினால், கம்பி இழுபடும் சத்தம் மேலே ஏறாது.

## வயர்லெஸ் காலர் மைக்

கம்பி இல்லாத சுகம் பெரிது என்பதை மறுக்க மாட்டேன். கரையில் நடந்துகொண்டே பேச, ஏலக்கூடத்தில் ஒருவரைத் தொடர, இருவருக்கு இரண்டு மைக் குத்த இதைப் போல வசதி இல்லை. விலை சில நூறிலிருந்து முப்பதாயிரத்தையும் தொடும். அந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. மிக மலிவானவை இரைச்சலைக் குறைக்கிறேன் என்று குரலையும் சேர்த்து நறுக்கிவிடுகின்றன. சொல்லின் கடைசி எழுத்து விழுங்கப்பட்டு, தண்ணீருக்கு அடியில் பேசுவது போல வரும். 'மழை'க்கும் 'மலை'க்கும் உள்ள வித்தியாசம் போனால் நம் மொழியில் பாதி போச்சு.

இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. மனித உடம்பு அந்த அலையைத் தடுக்கும். பேசுபவர் முதுகைக் காட்டித் திரும்பினால் நடுவில் அறுபடலாம். வைஃபை நிறைந்த கடைத்தெருவிலும் அப்படியே. தினமும் சார்ஜ் போட வேண்டும், உள்ளிருக்கும் பேட்டரியை மாற்றவும் முடியாது. உப்புக்காற்றில் முதலில் சாவது சார்ஜ் பெட்டிக்குள் இருக்கும் அந்த ஊசிமுனைகள்தான். மூடி போடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் முனைகளைத் துடையுங்கள்.

வீடியோவும் சேர்த்து எடுப்பவர்களுக்கு இது சரி. குரல் மட்டும் போதும், பணமும் குறைவு என்றால் அதே காசுக்குக் கம்பி மைக் தெளிவாகப் பதியும்.

## யூ.எஸ்.பி. மைக்

இது வீட்டுக்குள் இருப்பவர்களுக்கானது. இதில் இரண்டு சாதி உண்டு. கண்டென்சர் கூர்மையான காது கொண்டது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, காகம், மீன் விற்கும் வண்டியின் ஒலிபெருக்கி, எதையும் விடாது. டைனமிக் கொஞ்சம் மந்தமான காது. நான்கு விரல் அகலத்தில் வாயை வைத்துப் பேசினால் உங்கள் குரலை முழுதாக வாங்கும், தள்ளி வரும் சத்தத்தை அவ்வளவாக வாங்காது.

புதியவர்கள் கண்டென்சரையே வாங்குகிறார்கள். கடைகளில் அதுதான் அதிகம் கிடைக்கிறது, பார்க்கவும் அழகு. ஒலி அடைக்காத நம் ஊர் அறைகளுக்கு டைனமிக்தான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. சாம்சன் க்யூ2யூ போன்ற டைனமிக்குகளில் கணினிக்கான யூ.எஸ்.பி., ஒலிக்கருவிகளுக்கான எக்ஸ்.எல்.ஆர். என்று இரண்டு இணைப்பும் இருக்கும். பின்னாளில் பல மைக்குகளைச் சேர்க்கும் மிக்சர் கருவி வாங்கினாலும் அதே மைக் உதவும். இந்த வகை பொதுவாக நாலாயிரத்தில் தொடங்கிப் பத்தாயிரம் வரை போகும்.

கூடவே மேசைத் தாங்கி, 'ப' இடிக்காமல் இருக்க ஒரு பாப் ஃபில்டர், லேப்டாப் ஆகியவையும் வேண்டும் என்பதை விலை அட்டை சொல்லாது. லேப்டாப்பின் விசிறி சுற்றத் தொடங்கினால் அதுவும் பதியும். அதை மைக்குக்குப் பின்பக்கம் தள்ளி வையுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது சார்ஜரிலிருந்து ஒரு 'ம்ம்ம்' ரீங்காரம் நுழையலாம். பதியும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டால் தீரும். மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். சித்திரை வெயிலில் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது, அதனால் இருபது இருபது நிமிடமாகப் பிரித்துப் பதியுங்கள்.

இதைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போக நினைக்க வேண்டாம்.

## கையடக்க ரெக்கார்டர்

ஜூம் எச்1என் போன்றவை. இரண்டு ஏ.ஏ.ஏ. பேட்டரியில் ஓடும், மைக்ரோ எஸ்.டி. அட்டையில் பதியும். அழைப்பு வந்து கெடுக்காது, போன் சார்ஜ் தீர்ந்தது என்ற கவலை இல்லை, பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். தலையில் குறுக்காக வைத்த இரண்டு மைக்கும் சேர்ந்து அலை, படகு இயந்திரம், ஏலச் சத்தம் ஆகியவற்றை இடம் வலமாக விரித்துப் பதியும்போது, கேட்பவர் கரையிலேயே நிற்பது போலிருக்கும். இந்தச் சூழல் ஒலிக்காகவே பலர் இதை வாங்குகிறார்கள்.

ஆனால் அந்த மைக்குகளுக்குக் காற்று பரம எதிரி. ரோம உறை இல்லாமல் கரையில் ஒரு நிமிடம்கூட உருப்படியாகப் பதியாது. கையில் பிடித்தால் விரல் அசைவும் பதியும். அதற்கு ஒரு சின்ன முக்காலி வேண்டும். பத்தாயிரத்தை ஒட்டிய விலையோடு உறை, அட்டை, முக்காலி சேர்த்து இன்னும் ஆயிரத்துச் சில்லறை ஆகும். இதில் வெளி மைக் செருகும் துளையும் உண்டு. காலர் மைக்கை இதில் செருகிப் பேச்சைப் பதிந்து, பேச்சு முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டுச் சூழல் ஒலியைத் தனியாகப் பத்து நிமிடம் பதிவது என் வழக்கம்.

## ஒரே பார்வையில்

| | கரைக்காற்றில் | எதிரொலி அறையில் | உப்பில் முதலில் கெடுவது | கூடுதல் செலவு |
|---|---|---|---|---|
| போன் | மறைவு இருந்தால் மட்டும் | மோசம் | சார்ஜ் துளை | இல்லை |
| கம்பி காலர் மைக் | ரோம உறையோடு நன்று | பரவாயில்லை | பிளக், பேட்டரி முனை | இணைப்பான், உறை |
| வயர்லெஸ் | ரோம உறையோடு நன்று | பரவாயில்லை | சார்ஜ் ஊசிமுனை | சில வருடத்தில் புதிது |
| யூ.எஸ்.பி. டைனமிக் | ஆகாது | நன்று | யூ.எஸ்.பி. முனை | தாங்கி, ஃபில்டர், லேப்டாப் |
| ரெக்கார்டர் | உறை இல்லாமல் ஆகாது | தூரத்தைப் பொறுத்து | பேட்டரி முனை | உறை, அட்டை, முக்காலி |

## கரையில் எங்கே உட்காருவது

எந்தக் கருவியானாலும் இது பொருந்தும். கரையேற்றி வைத்த படகைக் காற்றுக்கும் உங்களுக்கும் நடுவே விட்டு, அதன் மறைவில் மணலில் உட்காருங்கள். ராமேசுவரம் தீவில் வடக்குப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள். அலை குறைவு, பேச்சுக்கு ஏற்றது. தெற்கே ஆண் கடல். வாடை வீசும் மாதங்களில் பெண் கடலும் பொங்கும், அப்போது தெற்குக் கரைதான் அமைதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளின் இயந்திரச் சத்தம் இருக்காது, ஆட்களும் ஊரில் இருப்பார்கள். ஆனால் படகுகளைப் பழுது பார்க்கும் சுத்தியலும் வெல்டிங்கும் பகலெல்லாம் நடக்கும். அந்தி சாய்ந்த பிறகு போனால் இரண்டுமே ஓய்ந்திருக்கும்.

பதியும்போது திரையில் தெரியும் ஒலி அளவில் குரலின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். தொடக்கத்தில் யாரும் பேசாமல் ஐந்து விநாடி விடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் அந்த ஐந்து விநாடியை மாதிரியாக வைத்துத்தான் இரைச்சலைக் கழிக்கும். அதையும் கொஞ்சமாகக் கழியுங்கள். கூடவே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டினால் காற்றின் அடி உறுமல் அடங்கும்.

## அந்த இருவருக்கும் சொன்னது

தங்கச்சிமடத்துத் தம்பிக்குக் கம்பி காலர் மைக், ரோம உறை, நல்ல டைப்-சி இணைப்பான், மலிவான ஹெட்போன் ஒன்று. இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. மீதிப் பணத்தைத் தொடாமல் வைக்கச் சொன்னேன். தாத்தாவுடன் பத்துப் பதிவு முடிந்தால் அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ரெக்கார்டருக்குப் போகலாம். முதல் பதிவை அனுப்பியிருந்தார். கிழக்கிலிருந்து கொண்டல் வீசினால் எந்த மீன் படும் என்று தாத்தா சொல்லிக்கொண்டே போகிறார். பின்னால் அலை மெதுவாக இருக்கிறது. ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தி, "காத்து திரும்பிருச்சு, கேக்குதா?" என்கிறார். கேட்கிறது.

கீழக்கரைத் தங்கச்சியை எதையும் வாங்க விடவில்லை. உயர்ந்த கூரையும் வெறும் சுவருமாக இருந்த மாடியறையை விட்டு, கீழே மெத்தை அடுக்கும் சின்ன அறைக்கு மாறச் சொன்னேன். போனையே ஒரு சாணில் வைத்து இரண்டு கதை பதிந்து அனுப்பினார், எதிரொலி போய்விட்டது. பத்து கதை முடிந்ததும் டைனமிக் மைக் வாங்கப் போகிறார். இப்போது ஆறாவது கதையில் இருக்கிறார்.